விரலுக்கு விலையுண்டு, வலிக்கு இல்லையாம்!

ஆட்காட்டி விரல் அடியோடு போனால் 100க்கு 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. கட்டை விரலுக்கு 30. ஒரு கையின் நான்கு விரல்களும் போயினவா? 100க்கு 50. மற்றொரு கண் நன்றாயிருக்க ஒரு கண் மட்டும் போயிற்றா? 40!

சந்தைக்கு வந்த சரக்கின் விலைப்பட்டியல் அல்ல இது, தோழர்களே! வெள்ளையர் ஆட்சி 1923ஆம் ஆண்டில் இயற்றி, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட வடிவில் இப்படித்தான் உழைப்பாளியின் உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எண் போட்டு வைத்திருந்தது. வெள்ளையர் போயினர், சட்டம் நின்றது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 'தொழிலாளர்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் 'பணியாளர்' என்று பெயர் சூட்டினர். 2025 நவம்பர் 21ஆம் நாள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் விடைபெற்றது. அதன் கணக்கு முறை மட்டும் புதிய வீட்டில் பத்திரமாகக் குடியேறியது. நூறாண்டுக் காலமாக நடந்துவரும் இந்தக் கணக்கில், எவ்வளவு கூர்ந்து தேடினாலும் காணக் கிடைக்காத சொல் ஒன்று உண்டு. அதுதான் வலி.

அண்ணன் தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். தம்பி, கோவை கணபதிப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறான். அண்ணன் இரு சக்கர வண்டியில் அவினாசி சாலையில் போகிறான். ஒரே நாளில் தம்பியின் ஆட்காட்டி விரலைப் பிரஸ் நசுக்குகிறது. அண்ணனின் ஆட்காட்டி விரலை, விதி மீறி வந்த லாரி நசுக்குகிறது. இருவரையும் ஒரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகின்றனர். ஒரே மருத்துவர் கத்தி எடுக்கிறார். ஒரே கூடத்தில், அடுத்தடுத்த படுக்கையில், இருவரும் இரவெல்லாம் முனகிக் கிடக்கின்றனர். அண்ணனின் முனகலுக்கும் தம்பியின் முனகலுக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க அவர்களைப் பெற்ற தாயாலும் இயலாது. சட்டத்தால் இயலும்!

அண்ணன் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறான். அங்கே அவன் வழக்கறிஞர் எழுதும் மனுவில் பல தலைப்புகள் உண்டு: மருத்துவச் செலவு, போக்குவரத்துச் செலவு, சத்தான உணவுக்கான செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், இனி குறையப்போகும் வருமானம். இவற்றோடு 'வலியும் வேதனையும்' என்று ஒரு தனித் தலைப்பு. 'வாழ்வின் இன்பங்களை இழந்தமை' என்று மேலும் ஒரு தலைப்பு. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, கடுங்காயம் பட்டவர்க்கு எந்தெந்த இனங்களில் இழப்பீடு தரவேண்டும் என்று வரிசைப்படுத்தியபோது, பணத்தால் அளக்கவியலாத இழப்புகளில் முதலாவதாக வைத்தது இந்த வலியையும் வேதனையையும் அதிர்ச்சியையும்தான்.

தம்பியின் கதை என்ன? அவன் பட்டறையில் பத்துப் பேருக்குக் குறைவாகவே ஆட்கள், ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆகவே நஷ்டஈட்டு ஆணையரிடம் போகிறான். வயது 25, அதற்குரிய பெருக்கெண் 216.91. மாதக் கூலி எவ்வளவாயினும், 2020 ஜனவரியில் வகுத்த வரம்பின்படி 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. அதில் 100க்கு 60 என்றால் 9,000. அதை 216.91ஆல் பெருக்கினால் 19,52,190. அதில் 100க்கு 14 என்றால் 2,73,306 ரூபாய் 60 காசு. பார்த்தீர்களா, எவ்வளவு நுட்பம்! காசு வரை கணக்குத் தவறவில்லை. ஆயினும் அந்த மூன்று வாரம் அவன் உறங்காதிருந்ததற்கும், கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்ததற்கும், இல்லாத விரல் இன்னமும் நள்ளிரவில் வலிப்பதாக உணர்ந்து எழுந்து உட்கார்வதற்கும் அந்தக் கணக்கில் ஒரு காசும் இல்லை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது ஒன்றே சட்டம் கேட்கும் கேள்வி. எந்திரத்தில் பல் ஒன்று உடைந்தால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்று முதலாளி கேட்பாரே, அதே கேள்வி.

இந்த முறை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அதை மாற்றக் கேட்பது நியாயமா அல்லவா என்பது விளங்கும். 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் பணியாள், அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய வண்டி உடைந்து தொடையில் காயமுற்றான். நூறு பவுன் தரவேண்டும் என்றனர் ஜூரிகள். மேல்நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேலைக்கு வந்தவன் ஆபத்தையும் ஒப்புக்கொண்டுதான் வந்தான் என்பது அங்கே பிறந்த வாதம். அந்தத் தீர்ப்பிலிருந்து கிளைத்த கோட்பாடு, உடன் வேலை செய்பவனின் தவற்றால் அடிபட்டவன் முதலாளியிடம் ஒன்றும் கேட்கலாகாது என்று வளர்ந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் நசுங்கிய எத்தனையோ பேரை அரை நூற்றாண்டுக் காலம் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியது அது.

பிறகு 1884இல் ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் பிஸ்மார்க், தொழிலாளர் கட்சியைத் தடைசெய்த அதே பிஸ்மார்க்! 1897இல் இங்கிலாந்தும் ஒரு சட்டம் செய்தது. இச்சட்டங்களின் உள்ளே ஒரு பேரம் இருந்தது. 'முதலாளியின் குற்றம் என்று நீ மெய்ப்பிக்க வேண்டாம். வேலையின்போது அடிபட்டாய் என்று காட்டினால் போதும், பணம் கிடைக்கும். அதற்கு ஈடாக, கிடைக்கும் தொகை வருமான இழப்பின் ஒரு பகுதியாக மட்டும் இருக்கும். வலி, வேதனை என்றெல்லாம் பேசாதே' என்பதே அப்பேரம். வெறுங்கையோடு போனவனுக்கு அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. 1923இல் இந்தியத் தொழிலாளிக்கும் அது முன்னேற்றமே. அன்றைய சட்டத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

ஆனால் பேரம் போட்ட இங்கிலாந்து அதோடு நிற்கவில்லை. 1946இல் தொழில் விபத்துக் காப்பீட்டை அரசே ஏற்றது. 1948இல் மற்றொரு சட்டம் செய்து, 'உடன் ஊழியன் தவறு' என்னும் அந்த 1837ஆம் ஆண்டுப் பூதத்தைப் புதைத்தது. காப்பீட்டு உதவி பெறும் தொழிலாளி, முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பித்தால் தனி வழக்கிட்டு முழு நஷ்டஈடும் பெறலாம் என்று வழி திறந்தது. வருமான இழப்பில் உதவித் தொகையின் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டார்கள். வலிக்கான தொகையில் கை வைக்கவில்லை. இன்ன காயத்துக்கு வலியின் பேரில் இன்ன அளவு என்று நீதிபதிகளுக்கு ஒரு வழிகாட்டி நூலே அங்கு 1992 முதல் வெளிவருகிறது.

அதே 1948ஆம் ஆண்டில் இங்கே நடந்தது என்ன? தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். அயனாவரத்திலும் சிங்காநல்லூரிலும் அந்த மருத்துவமனைகள் இல்லையென்றால் எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்கியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, 1966ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்டு, காப்பீட்டுப் பயன் பெறும் தொழிலாளி வேறெந்தச் சட்டத்தின் கீழும் முதலாளியிடம் நஷ்டஈடு கேட்கலாகாது என்று கதவைச் சாத்தியது. கேரளத் தொழிலாளி ஒருவர் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தார். 1997இல் உச்ச நீதிமன்றம், 53ஆம் பிரிவு இருக்கையில் வழக்கு நில்லாது என்று கூறிவிட்டது. பேரத்தைக் கண்டுபிடித்தவன் அதை உதறிய அதே ஆண்டில், விடுதலை பெற்ற நாடு அதைச் சட்டப் புத்தகத்தில் கல்வெட்டாக்கியது என்றால், என்னே நம் சட்டம் செய்தோரின் முன்னோக்கு!

ஈ.எஸ்.ஐ. இல்லாத தம்பிக்கோ, கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. ஒரு கதவில் நுழைந்தால் மற்றது மூடிக்கொள்ளும். ஆணையரிடம் போனால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாகாது. நீதிமன்றத்துக்குப் போனால் ஆணையரிடம் வரலாகாது. நீதிமன்றத்தில் வலிக்கும் தொகை கேட்கலாம்தான். அதற்கு நீதிமன்றக் கட்டணம் கட்டவேண்டும். பிரஸ்ஸில் காப்புத் தடுப்பு இல்லை என்று சாட்சி வைத்து மெய்ப்பிக்க வேண்டும். சாட்சியோ அதே பட்டறையில் அதே முதலாளியிடம் கூலி வாங்கும் தோழன். விரல் இழந்தவன் எந்தக் கதவில் நுழைவான் என்று சொல்லவும் வேண்டுமோ?

'வலியை எப்படி ஐயா அளப்பது? ஒருவன் சிறு முள்ளுக்கும் அலறுவான். ஒருவன் எலும்பு முறிந்தும் சிரிப்பான். அளக்கவியலாத ஒன்றுக்குப் பணம் தா என்றால் பொய்யனுக்கன்றோ கொண்டாட்டம்?' என்று கேட்பவர் உண்டு. மானம் போயிற்று என்று சீமான் ஒருவர் கோடிக் கணக்கில் கேட்டு வழக்கிடும்போது, மானத்தை அளக்கும் படி எங்கே என்று இவர்கள் கேட்டதில்லை. பணக்காரனின் மானம் அளவுக்கு அடங்குமாம். பாட்டாளியின் வலி அடங்காதாம்!

தவிர, வலியை அளக்கவியலாது என்பது நாடாளுமன்றத்தின் கருத்தும் அல்ல. 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த இரண்டாம் அட்டவணையில் நாடாளுமன்றமே அளந்து எழுதியது: கடுங்காயத்தின் வலிக்கும் வேதனைக்கும் 5,000 ரூபாய்; சிறு காயமாயின் 1,000. குற்றம் மெய்ப்பிக்காமல் கேட்கும் மனுக்களுக்கான அளவு அது. விலைவாசி விண்ணுக்கு ஏறியது. அந்த 5,000, 2018 மே மாதம் அட்டவணையையே மாற்றும் வரை, 24 ஆண்டுகள் அசையாமல் நின்றது. அளவு கேவலமானது, ஒப்புக்கொள்கிறோம். அளக்க முடியும் என்பதற்கு மட்டும் அது சான்று.

நீதிமன்றங்களும் அளந்திருக்கின்றன. 2007இல் விபத்தில் சிக்கி, உடலும் மூளையும் முழுவதும் முடங்கிப்போன 12 வயதுச் சிறுமியின் வழக்கு 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பாயம் தந்தது 11 லட்சத்துச் சொச்சம்; உயர் நீதிமன்றம் 25 லட்சத்துச் சொச்சம்; உச்ச நீதிமன்றம் 62,27,000. அதில் வலிக்கும் வேதனைக்கும் இழந்த இன்பங்களுக்குமாக 15 லட்சம். 2024 நவம்பரில் வேறொரு வழக்கிலும் வலியின் பேரில் மட்டும் 15 லட்சம் தரவேண்டும் என்றது அதே நீதிமன்றம். ஆண்டுக் கணக்கில் அலைந்து தில்லி வரை செல்ல முடிந்தவருக்குக் கிடைத்த நீதி இது. மாவட்டத் தீர்ப்பாயத்தோடு நின்றுவிடுபவருக்கு என்ன கிடைக்கிறது? வலியின் தலைப்பில் ஏதோ ஒரு முழுத் தொகை, காரணம் ஏதும் கூறாமல், ஒரே வரியில். அதையும் தருவதற்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் கடத்திக்கொண்டே போக, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து பேருந்தை ஜப்தி செய்யும் காட்சியை நம் ஊர்களில் காணாதவர் யார்? ஆட்சியில் எந்தக் கட்சி இருப்பினும் இந்தக் காட்சி மட்டும் மாறக் காணோம்.

வலியைச் சராசரியாக்கிப் பங்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் இருக்கிறது. 1984 டிசம்பரில் நச்சுக் காற்று பரவியது. 1985இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்து, பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. 300 கோடி டாலருக்கு மேல் கேட்ட அந்த வழக்கை 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. நுரையீரல் வெந்து, கண் எரிந்து, மூச்சுக்கு மூச்சுத் துடித்தவர்களில் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது 25,000 ரூபாய். பல ஆண்டு கழித்து இன்னுமொரு 25,000. போதாது என்று அரசு போட்ட மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று.

பட்டறை முதலாளிகள் சொல்வதையும் கேட்போம். 'காப்பீட்டுக்கும் கட்டி, வலிக்கும் கட்டு என்றால் சிறுதொழில் எப்படிப் பிழைக்கும்?' என்கின்றனர். சிறு பட்டறைக்காரரின் தொல்லை மெய்தான். அவர்களில் பலர் நேற்றுவரை தொழிலாளியாயிருந்தவர்கள். ஆனால் 2019 ஜூலையில் ஈ.எஸ்.ஐ. சந்தாவை 100க்கு 6.5இலிருந்து 4ஆகக் குறைத்தார்களே, அப்போது முதலாளியின் பங்கு 4.75இலிருந்து 3.25ஆக இறங்கியதே! நிதியில் மிச்சம் இருந்ததால்தானே அது இயன்றது? அந்த மிச்சத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, கடுங்காயம் பட்டவனுக்கு வலியின் பேரில் ஒரு தொகை என்று வைத்திருந்தால் எந்தப் பட்டறை மூடியிருக்கும்? முதலாளியின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் மட்டும் தனி நஷ்டஈடு என்று வைத்தால், காப்புத் தடுப்பு பூட்டியவருக்கு என்ன அச்சம்? தடுப்பைக் கழற்றி வைத்தால் நிமிடத்துக்கு நான்கு துண்டு கூடுதலாக அடிக்கலாம் என்று கணக்குப் போடுபவருக்குத்தான் அது சுடும். சுடட்டும்.

சட்டம் மாறும் வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. உள்ள சட்டத்திலேயே நம் தோழர்கள் இழந்துவருவது ஏராளம்.

சாலை விபத்துக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதக் கெடு வைத்திருந்தது. 1994இல் அதை நீக்கினர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையாக்கியது. ஆறு மாதத்தில் படுக்கையை விட்டு எழாதவனும் உண்டு என்பதை இவர்கள் அறியார் போலும். காலம் கடந்தது என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதை நம்பிக் காத்திராமல், கெடுவுக்குள் மனுப் போடுவதே அறிவுடைமை. அதே திருத்தத்தில் ஒரு நன்மையும் உண்டு, மறைப்பானேன்? காயம்பட்டவர் மனு முடியுமுன் வேறு காரணத்தால் இறந்தாலும் அவர் கேட்ட உரிமை வாரிசுக்குச் செல்லும். முன்பெல்லாம் வலியின் உரிமை அவரோடு சேர்ந்தே சிதையேறியது.

லாரி கிளீனராக வேலை பார்ப்பவர், வேலையிலிருக்கும்போது சாலையில் அடிபட்டால் தீர்ப்பாயமா, ஆணையரா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், இரண்டும் கூடாது. ஆணையரிடம் குற்றம் மெய்ப்பிக்க வேண்டாம், வலிக்கு இடமில்லை. தீர்ப்பாயத்தில் வலிக்கு இடமுண்டு. ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டும். எதிரே வந்த வண்டியின் தவறு என்பது முதல் தகவல் அறிக்கையிலேயே தெளிவாயிருந்தால் தீர்ப்பாயமே மேல். இதை அறியாமல், மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் தரகர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டுப் பின்னர் புலம்புவோர் பலர்.

வலிக்குச் சாட்சி வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, ஒவ்வொரு அறுவைக்கும் உரிய குறிப்பு, வலி மருந்து எத்தனை நாள் தரப்பட்டது என்ற சீட்டு ஆகியவற்றை ஒன்று விடாமல் சேர்த்து வைக்கவேண்டும். இரவில் உறங்கினாரா, பிள்ளையைத் தூக்க முடிந்ததா, சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறாரா என்பதை நேரில் கண்டு கூண்டேறிச் சொல்லத்தக்கவர் மனைவியும் தாயும்தான். அவர்களைச் சாட்சியாக்காமலே பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன. கையில் 100க்கு 40 ஊனம் என்று மருத்துவர் எழுதினால், சம்பாதிக்கும் திறனும் 40தான் குறைந்தது என்று பொருளல்ல என்பதையும் அந்த 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தெளிவாக்கியிருக்கிறது. எழுத்தருக்குக் கால் போனதும் ஓட்டுநருக்குக் கால் போனதும் ஒன்றாகா.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று திரும்பவேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினர்க்கும் இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. கிளைச் செயலாளர்கள் அடிபட்டவரைத் தாமே அழைத்துச் செல்லவேண்டும். முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதி வழியில் தரகர் மறிப்பார்.

சட்டத்தை மாற்றுவது எங்ஙனம்? முதலாளியின் பொறுப்பும் தொழிலாளர் நஷ்டஈடும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 24ஆம் இனமாக உள்ளன. தில்லி செய்யாவிட்டால் மாநிலச் சட்டமன்றமே திருத்தம் நிறைவேற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு அனுப்பிய மசோதாக்கள் எத்தனை நாள் உறங்கும் என்பது நாம் அறியாததன்று. அனுப்பாத மசோதா விழிக்கவே வழியில்லை. கேட்கவேண்டிய திருத்தம் இரண்டே வரி: வேலையிடத்தில் கடுங்காயம் பட்டவர்க்கு, சம்பாதிக்கும் திறனின் இழப்பை அன்றி, வலிக்கும் வேதனைக்கும் தனித் தொகை தரப்படும், அத்தொகை விலைவாசிப் புள்ளியோடு ஆண்டுதோறும் உயரும். அடுத்த மாவட்ட மாநாடுகளில் நம் தொழிற்சங்கத் தோழர்கள் இந்த இரண்டு வரியையும் தீர்மானமாக முன்மொழிந்து, சட்டமன்ற உறுப்பினர்களின் கையில் நேரில் சேர்க்கவேண்டும். சேர்க்கும்போது விரல் இழந்த தோழர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.